வடக்குன்னா எந்தப் பக்கம், மாமா?

மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, நீடாமங்கலம் சாலையிலிருந்து பிரிந்து வரும் மண் ரோட்டில் ஒரு மினி லாரி தள்ளாடிக்கொண்டே வந்து நல்லக்கண்ணு வீட்டு வாசலில் நின்றது. அதன் பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கியவர் மாப்பிள்ளை பகலவன். பார்த்ததும் நல்லக்கண்ணுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருக்காதா பின்னே? மகள் செம்மொழி கார்த்திகையிலேயே சென்னையிலிருந்து வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் லேப்டாப். “ஆபீஸ்ல வீட்லேர்ந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்கப்பா” என்றாள். சரி, நல்லதுதான் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் வந்தவள் புருஷன் பெயரை வாய் தவறிக்கூட உச்சரிக்கவில்லை. போன் அடித்தால் கொல்லைக்கு ஓடுகிறாளே, அவர்தானோ என்று காதைத் தீட்டினால், அதுவும் ஆபீஸ் போன். அம்மா காளியம்மாள் “என்னடி சமாச்சாரம்” என்று ஆரம்பித்தாலே, “ஒண்ணுமில்லம்மா” என்று முடித்துவிடுவாள். ஒன்றுமில்லாததற்கா ஒரு பெண் ஒரு மாதமாக அம்மா வீட்டில் சட்டினி அரைத்துக்கொண்டிருப்பாள்?

ஆகவே மாப்பிள்ளை வந்துவிட்டார், கூட்டிக்கொண்டு போகப் போகிறார், தொல்லை தீர்ந்தது என்று நல்லக்கண்ணு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“வாங்க மாப்ள, வாங்க வாங்க!”

“வர்றேன் மாமா. நம்ம டிராக்டர் கொட்டகை காலியாத்தானே கெடக்கு?”

இதுதான் மாப்பிள்ளை பேசிய முதல் வார்த்தை. பெண்டாட்டி சௌக்கியமா, மாமியார் சௌக்கியமா, ஒரு மண்ணும் இல்லை. நல்லக்கண்ணு வாயைத் திறந்து மூடுவதற்குள் லாரியிலிருந்து மரப்பெட்டிகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. பெட்டிக்குப் பின் பெட்டி. கடைசியில் கம்பிகளால் பற்றவைத்த நீளமான கூடு ஒன்றை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“என்ன மாப்ள இதெல்லாம்?”

“கார் மாமா.”

“கார் எங்க?”

“இதுக்குள்ளதான் இருக்கு. கிட் கார்னு சொல்வாங்க. பார்ட் பார்ட்டா வரும், நாமளே வீட்ல வச்சுக் கோத்துக்கணும். புனேயில ஒருத்தர் செஞ்சு அனுப்பறாரு. சென்னையில அபார்ட்மென்ட்காரங்க கீழ வைக்கக் கூடாதுன்னுட்டாங்க மாமா.”

நல்லக்கண்ணு தலையை ஆட்டினார். தலை ஆடியதே தவிர உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. இந்த மனிதர் பெண்ணுக்காக வந்திருக்கிறாரா, கொட்டகைக்காக வந்திருக்கிறாரா? அன்றைக்குப் பிடித்த குழப்பம் அவரைச் சாமான்யத்தில் விடவில்லை. நாற்று நடவு, களை, உரம், பூச்சி என்று எல்லாவற்றுக்கும் யோசித்து வழி கண்டுபிடித்த மனுஷன். மகள் வாழ்க்கை நிற்குமா நிற்காதா என்பதை மட்டும் யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

மாப்பிள்ளையைக் கேட்க முடியாது. “எத்தனை நாளு லீவு மாப்ள?” என்று கேட்டால் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். மகளைக் கேட்டால் ஒண்ணுமில்லைப்பா. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மாப்பிள்ளை ஹாலில் கிடக்கும் நாடாக் கட்டிலில் கொசுவோடு படுத்துக்கொள்வார். மாப்பிள்ளை ஹாலில் படுக்கிற வீடு உருப்படுமா என்று காளியம்மாள் அடுப்பங்கரையில் மூக்கைச் சிந்துவாள். முதல் வாரம் நாட்டுக்கோழி, விரால் மீன் என்று அமர்க்களப்பட்ட சமையல், பொங்கல் கழிந்ததும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

கொட்டகை வேலையிலும் ஒரு கூத்து இருந்தது. எதை எங்கே மாட்ட வேண்டும் என்ற படங்களும் விளக்கங்களும் புனேக்காரரிடமிருந்து மெயிலில் வரும். அந்த மெயில் போவது செம்மொழிக்கு.

“கார் புக் பண்ணப்ப உங்க பொண்ணு மெயிலத்தான் குடுத்தோம் மாமா. அடுத்தது என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?”

நல்லக்கண்ணு கொட்டகையிலிருந்து வீட்டுக்குப் போவார்.

“ஏம்மா, மாப்ள அடுத்தது என்னன்னு கேக்கறாரு.”

“பின் ஆக்ஸில்னு சொல்லுங்க உங்க மாப்ளகிட்ட. போல்ட்ட முழுசா முறுக்க வேணாம்னு சொல்லுங்க.”

வீட்டிலிருந்து கொட்டகைக்கு வருவார். “முழுசா முறுக்க வேணாமாம் மாப்ள.”

“ஏன்னு கேளுங்க உங்க பொண்ண.”

மறுபடியும் நடப்பார். உங்க பொண்ணு, உங்க மாப்ள. உங்க மாப்ள, உங்க பொண்ணு. இரண்டு பேருக்கும் பெயரே இல்லாமல் போய்விட்டது. கார் வாங்கியதில் சண்டையா? ஆனால் காரை வாங்கியது இவள் மெயிலில். இவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் எதற்கு ஒவ்வொரு போல்ட்டையும் இவ்வளவு அக்கறையாகப் படித்துச் சொல்கிறாள்? அவருக்குக் கோபம் என்றால் எதற்கு இவள் வாயிலிருந்து வந்தால்தான் முறுக்குவேன் என்கிறார்?

“ஏங்க, அந்தப் புனேக்காரனுக்கு ஒரு போன் போட்டா அவருக்கே படத்த அனுப்ப மாட்டானா?” என்று ஒரு நாள் காளியம்மாள் கேட்டாள்.

“ஆமா, அனுப்புவான்ல?”

“அப்பறம் அவரு ஏன் கேக்கல?”

“ஏன் கேக்கல?”

“அதத்தான நான் ஒங்கள கேக்கறேன்!” என்று அவள் அகப்பையோடு உள்ளே போய்விட்டாள். நல்லக்கண்ணுவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பிப்போயிற்று.

இன்னொரு நாள் பக்கத்து வயல் புகழேந்தி வந்து கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு நம்பர் பிளேட்டு குடுக்க மாட்டாங்களே அண்ணே, ரோட்டுல ஓட்ட முடியாதே” என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளையிடம் கேட்டால், “களத்துல ஓட்டிக்கலாம் மாமா” என்றார். நெல் காயவைக்கிற களத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்கா இவ்வளவு பாடு! அப்படியானால் இங்கேயே இருந்துவிடப் போகிறாரா? இருந்தால் ஹாலிலா?

இத்தனைக்கும், சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருக்கிற பகலவன் வேலை பார்ப்பது கார் கம்பெனியில்தான். ஆனால் அங்கே அவர் இருப்பது பெயின்ட் அடிக்கிற பிரிவில். காருக்கு என்ன நிறம் பூச வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உள்ளே என்ன ஓடுகிறது என்றால் நல்லக்கண்ணுவைவிட ஒரு முழம்தான் அதிகம் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு மொழிச் சிக்கல் வேறு. மகள் உள்ளேயிருந்து லெஃப்ட், ரைட் என்பாள். நல்லக்கண்ணுவுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. அவர் வீட்டில் சாம்பார் வாளியையே “கொஞ்சம் கெழக்கால நகத்து” என்றுதான் சொல்வார்கள். பல் தேய்க்கும்போது “மேக்கால கடவாப் பல்லு வலிக்குது” என்று சொன்னவர் அவர். கையைச் சொல்ல வேண்டுமானால் சோத்தாங்கை, பீச்சாங்கை என்ற வார்த்தைகள் இருக்கவே இருக்கின்றன. ஆனால் மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே போய், பீச்சாங்கைப் பக்கம் மாட்டுங்க மாப்ள என்று எந்த மாமனார் சொல்வான்? மரியாதை என்று ஒன்று இல்லையா? கார் கொட்டகையில் கிழக்குப் பார்த்து நின்றது. கிழக்குப் பார்த்து நிற்கிறவனுக்குப் பீச்சாங்கை வடக்கு, சோத்தாங்கை தெற்கு. லெஃப்ட் என்றால் வடக்கு, ரைட் என்றால் தெற்கு. அவ்வளவுதானே விஷயம் என்று அவர் அப்படியே மாற்றிச் சொல்லிவிடுவார்.

“இது வடக்கால வரணுமாம் மாப்ள.”

“வடக்குன்னா எந்தப் பக்கம், மாமா?”

“காளி கோயிலு இருக்கே, அந்தப் பக்கம்.”

பகலவன் சென்னைக்காரர். அவருக்கு வடக்கும் தெரியாது, காளி கோயிலும் தெரியாது. நல்லக்கண்ணு கையை நீட்டிக் காட்டுவார், அவர் மாட்டுவார். கை பக்கத்தில் இருந்தவரைக்கும் வண்டி ஒழுங்காகவே வளர்ந்தது.

தை கடைசியில் அறுவடை முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார் நல்லக்கண்ணு. ஒரு நாள் காலை, நாளைக்கு வேண்டாம் இப்போதே வா என்று அங்கிருந்து போன் வந்தது. அன்றைக்குப் பார்த்துச் செம்மொழி ஒரு படத்தைக் காட்டி, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கவலைப்பட்டாள்.

“அப்பா, இது ஸ்டீயரிங் ராக். முன் சக்கரம் ரெண்டையும் திருப்பறது இதுதான். எல்லுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கற முனை லெஃப்ட்ல வரணும். தலைகீழா மாத்திப் போட்டாலும் இது மாட்டிக்கும், ஆனா ஒரு பக்கம் ஒடிச்சா வண்டி இன்னொரு பக்கம் போகும். கரெக்டா சொல்லிடுங்க. அவருக்கு…” என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, “வண்டிக்கு ஏதாவது ஆயிடப் போவுது” என்று முடித்தாள்.

கொட்டகைக்குப் போனால் மாப்பிள்ளை இல்லை. நட்டு வாங்க நீடாமங்கலம் போயிருந்தார். படத்தில் பார்த்த அந்த நீளக் குழாய் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இரண்டு முனையும் அச்சு அசல் ஒரே மாதிரி. ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இது விழுந்துவிட்டால் அப்புறம் எந்த முனை என்று எப்படித் தெரியும்? நல்லக்கண்ணு கெட்டிக்காரர் ஆயிற்றே! மாட்டுப் பொங்கலுக்குப் பசுவின் கொம்புக்குப் பூசிய நீலப் பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு குச்சியை நனைத்து, எல் என்று ஒட்டியிருந்த முனையில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், பளிச்சென்று ஒரு எழுத்து எழுதினார்.

வ.

கூடவே இன்டிகேட்டர் விளக்குக்குப் போகும் ஒயர் ஒன்றிலும் அதே மாதிரி ஒரு வ. மாப்பிள்ளைக்கு போன் போட்டு, “எழுதி வச்சிருக்கேன் மாப்ள, பாத்து மாட்டிருங்க” என்று சொல்லிவிட்டு, நெல்லைத் தூற்றக் கிளம்பிப் போய்விட்டார்.

பகலவன் வந்து பார்த்தார். ஸ்டிக்கர் விழுந்திருந்தது. நீல எழுத்து கண்ணைப் பறித்தது. மாமா நம்ம பாஷைக்கு வந்துட்டாரே என்று நிம்மதியாக, அந்த முனையை வலது பக்கம் வைத்து மாட்டினார்.

மறுநாள் இன்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தபோது இடது பக்கம் தட்டினால் வலது பக்கம் மினுக்கியது. “ஒயர் மாறியிருக்கு மாமா, அப்பறம் பாத்துக்கலாம்” என்றார். ஒயர் ஏன் மாறியது என்று யாரும் யோசிக்கவில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வண்டியில் எல்லாம் பூட்டியாகிவிட்டது, கையில் பிடித்து ஓட்டும் ஸ்டீயரிங் வளையத்தைத் தவிர. அது கூரியரில் தாமதமாகி அன்றைக்குத்தான் வந்தது. காளியம்மாள் தேங்காய், கற்பூரத்தோடு களத்தில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தாள்.

“பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது! இன்னும் என்ன அங்க நோண்டிக்கிட்டு? அதுக்கு முன்னாடி வண்டிய எடுக்கச் சொல்லுங்க!”

பகலவனுடைய அப்பா மேடை போட்டு ராகு காலத்தைக் கிழித்தவர். ஆனாலும் மாமியார் வீட்டில், புளிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு, கொள்கை பேச முடியுமா? வளையத்தைச் செருகி, ஒரு நட்டை முறுக்கி, திருப்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புகழேந்தியும் இன்னும் நாலு பேரும் வரப்பில் நின்றார்கள். செம்மொழி கொல்லைக் கதவு வரைக்கும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் அதுவரை கொட்டகைப் பக்கமே வந்ததில்லை.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. மேல் மூடி இல்லாத, பச்சை நிறக் குட்டி வண்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கொட்டகையிலிருந்து நேராகக் கிழக்கே புறப்பட்டது. நல்லக்கண்ணுவுக்கு ஒரு கணம் எல்லாக் கவலையும் மறந்துபோய்க் கையைத் தட்டிவிட்டார்.

களம் முடிகிற இடம் வந்தது. தெற்கே பாசன வாய்க்கால், ஆள் ஆழத்துக்குச் சேறு. வடக்கே திருப்பிச் சுற்றி வர வேண்டும். பகலவன் இடது பக்கம் ஒடித்தார். வண்டி தெற்கே திரும்பியது.

“வடக்கால! வடக்கால!” என்று நல்லக்கண்ணு அலறினார்.

பகலவன் பதறிப்போய் இன்னும் இடது பக்கம் ஒடித்தார். வண்டி இன்னும் வாய்க்கால் பக்கம் பாய்ந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் எதை மிதித்ததோ, இன்ஜின் உறுமியது. கொல்லைக் கதவிலிருந்து செம்மொழி ஓடி வந்தாள். அவள் கண் சக்கரத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தது.

“டேய்! ரைட்டுல ஒடிடா! ரைட்டுல!”

வாய்க்கால் இருப்பதே ரைட்டில்தான். கண்ணுக்கு நேரே சேறும் தண்ணீரும். அறிவுள்ள எவனும் அந்தப் பக்கம் ஒடிக்க மாட்டான். நல்லக்கண்ணு, “ஐயோ, கொல்றியே பாப்பா!” என்று தலையில் கை வைத்தார்.

பகலவன் ஒடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. உங்க பொண்ண கேளுங்க என்று சொல்லவில்லை. அவள் குரல் காதில் விழுந்த மாத்திரத்தில், வாய்க்காலைப் பார்த்தே முழு வளையத்தையும் ஒடித்தார். வண்டி வெடுக்கென்று வடக்கே திரும்பி, வாய்க்கால் கரையில் மண்ணைக் கிளறிக்கொண்டு, ஒரு பின் சக்கரம் கரை விளிம்பில் தொங்க, இன்ஜின் விக்கி நின்றது.

காளியம்மாள் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

“புருஷன டேய்ங்கறா பாருங்க” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

நல்லக்கண்ணுவின் கண் கரை விளிம்பில் தொங்கிய சக்கரத்திலேயே இருந்தது. அவள் சொன்னாள் என்று அந்த மனிதர் வாய்க்காலைப் பார்த்துத் திருப்பினாரே! இத்தனை நாள் பேசாதிருந்தவர்கள்தானா இவர்கள்? இதுதான் சண்டை என்றால், நல்லபடியாக இருந்தபோது எப்படித்தான் இருந்திருப்பார்கள்?

செம்மொழி வண்டியருகே போய் மூச்சு வாங்க நின்றாள். “உனக்கு அறிவிருக்கா? ராக்க மாத்திப் போட்டிருக்க. எல்லு லெஃப்ட்ல வரணும்னு அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“எங்கிட்ட எங்க சொன்ன? நீதான் எங்கிட்டப் பேசவே இல்லையே மொழி!”

“நீ மட்டும் பேசினியா? கொட்டகைக்குள்ளயே குடும்பம் நடத்தினல்ல?”

“ஸ்டிக்கர் விழுந்துடுச்சு. மாமா வலதுன்னு எழுதி வச்சிருந்தாங்க, போட்டேன்.”

“அப்பா வலதுன்னு எழுதினாங்களா?”

பகலவன் இறங்கி, குனிந்து, வண்டி மூக்குக்கு அடியில் விரலை நீட்டிக் காட்டினார். செம்மொழி மண்டி போட்டுப் பார்த்தாள். நீல நிறத்தில், கொம்புக்குப் பூசிய பெயின்ட்டில், அழகான ஒரு வ. பார்த்துக்கொண்டே இருந்தவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பகலவனும் திருப்பினார்.

“அப்பா, இது என்ன எழுத்து?”

“வ.”

“வன்னா?”

“வடக்கு” என்றார் நல்லக்கண்ணு.

“வலது இல்லையா மாமா?” என்றார் பகலவன்.

“வலதும் வ தானா?” என்றார் நல்லக்கண்ணு. சத்தியமாக அவருக்கு அந்தக் கணம்வரை அது தோன்றவே இல்லை.

“இடதுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே அப்பா!”

“அது எப்படிம்மா? மாப்ளகிட்டப் போயி பீச்சாங்கைப் பக்கம்னு…”

“உங்க மரியாதைல மனுஷன் செத்திருப்பாரு!” என்று செம்மொழி வெடித்தாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. பகலவன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் விலகிப் போகவில்லை.

வரப்பில் நின்றவர்கள் வந்து வண்டியைக் கரையிலிருந்து களத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றார் புகழேந்தி. செம்மொழி கேட்கவில்லை. இடது பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எடு. மெதுவா. நான் லெஃப்டுன்னு சொன்னா ரைட்டுல ஒடி, ரைட்டுன்னு சொன்னா லெஃப்ட்ல ஒடி.”

“அதுக்கு நீ நேரா நான் ஒடிக்க வேண்டிய பக்கத்தையே சொல்லேன்.”

“சொன்னத செய்யேன் ஒரு தடவையாவது.”

“இப்பத்தானே செஞ்சேன்!”

வண்டி சண்டை போட்டுக்கொண்டே நகர்ந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்து நெளிந்து கொட்டகையை நோக்கிப் போயிற்று. நல்லக்கண்ணுவால் சும்மா இருக்க முடியவில்லை. கூடவே ஓடினார்.

“தெக்கால பாத்து மாப்ள, கொஞ்சம் தெக்கால…”

“அப்பா, நீங்க பேசாம இருங்க!”

“மாமா, நீங்க பேசாதீங்க!”

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. நல்லக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார். மார்கழியிலிருந்து இரண்டு பேருக்காகவும் பேசிப் பேசி வாய் வலித்த மனுஷன். இனிமேல் அவர் பேச வேண்டாமாம். கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

காளியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். “ஏங்க, இது சண்டையா, சமாதானமா?”

“தெரியலடி. எதுக்குச் சண்ட போட்டாங்கன்னும் தெரியல. ஆனா ரெண்டு பேரும் சேந்து என்னைத் திட்டறாங்க.”

காளியம்மாள் கொட்டகையைப் பார்த்தாள். உள்ளே இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு உச்சஸ்தாயியில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“நின்னது போதும். ஹால்ல கெடக்கற நாடாக் கட்டில எடுத்துக் கொல்லையில போடுங்க.”

நல்லக்கண்ணுவுக்கு அந்த வருஷத்தில் முதல் தடவையாக, சொன்ன மாத்திரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலைத் தூக்கப் போனார்.